தளபதிக்கு ஒரு குரூஸர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ஐயா, நான் எழுதும் நாவலில் ஒரு கற்பனைத் தீவு நாடு, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தன் கடற்படைத் தளபதிக்காக ஒரு குரூஸர், அதாவது வேகமான நடுத்தரப் போர்க்கப்பல், கட்டுகிறது. 10,000 டன் எடை, ஒன்பது 8 அங்குலப் பீரங்கிகள், 35 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), கனமான கவசம், நான்கு கடல் விமானங்கள், அட்மிரலின் அதிகாரிகள் குழுவுக்கு விசாலமான அறைகள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கப்பல் கட்டியிருக்க முடியுமா?

பதில்: முடியாது. எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் கப்பல் உருவாகப்போகிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன். வேலை பார்த்த காலம் முழுக்க நான் கப்பல் கட்டும் தளத்தில் எடைக் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஒரு வால்வு கூடினாலும் குறைந்தாலும் எங்கள் பேரேட்டில் ஏறும். எந்தக் கப்பலைப் பார்த்தாலும் எனக்கு முதலில் டன்தான் கண்ணில் படும்.

10,000 டன் எடை, 8 அங்குலப் பீரங்கிக் குழல் விட்டம் இரண்டும், பெரிய கடற்படை நாடுகள் செய்துகொண்ட 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் குரூஸருக்கு வைத்த உச்சவரம்பு. எரிபொருளும் கொதிகலனுக்கான இருப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் வராது. பீரங்கி, குண்டு, ஆட்கள், அவர்கள் சாப்பாடு, குடிநீர் எல்லாம் வரும். உங்கள் பட்டியலுக்குக் கிட்டத்தில் வருவது அமெரிக்காவின் நார்த்தாம்ப்டன் வகை. ஒன்பது 8 அங்குலப் பீரங்கிகளும் நான்கு விமானங்களும் அதில் உண்டு. ஆனால் வேகம் 32.5 நாட், கவசம் மெல்லியது. ஆறு கப்பல்களில் சிகாகோ, ஹூஸ்டன், அகஸ்டா மூன்றையும் கொடிக்கப்பலாக, அதாவது அட்மிரல் ஏறி நடத்தும் கப்பலாக, இருக்கும்படியே கட்டினார்கள். முன்பக்கத்து மேல்தளத்தைப் பின்னோக்கி விமானம் ஏவும் இடம் வரை நீட்டி, கிடைத்த இடத்தில் அட்மிரலின் ஆட்களுக்கு அறை போட்டார்கள். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் அங்கே இங்கே இழுத்துப் பிடித்ததில், கப்பல்கள் சுமார் 9,000 டன்னிலேயே முடிந்துவிட்டன. கிட்டத்தட்ட 1,000 டன் கவசமாகியிருக்க வேண்டும்! அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை. ஜப்பானின் டகாவோ வகை இதற்கு நேர் எதிர். பத்துப் பீரங்கிகள், 35 நாட் வேகம். எடை மட்டும் ஒப்பந்த வரம்பை 1,000 டன்னுக்கும் மேல் தாண்டிப் போனது. உங்கள் தீவு நாடு ஒப்பந்தத்தை மதிக்கிற நாடா, மீறுகிற நாடா என்பதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், பீரங்கியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அட்மிரல் எதை நடத்தப்போகிறார் என்று முதலில் எழுதுங்கள். நாசகாரிக் கப்பல்களை (டிஸ்ட்ராயர்) நடத்துகிறவர் என்றால் அவற்றோடு ஓடுகிற வேகம் வேண்டும். தூரத்துக் கடலில் தன் நாட்டுக் கொடியைக் காட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பவர் என்றால் எரிபொருளும் நல்ல அறைகளும் வேண்டும். இரண்டையும் ஒரே கப்பலில் கேட்டால் விலை எவ்வளவு என்பதற்கு இரண்டு கப்பல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளுக்காக (இன்றைய இந்தோனேசியா) கட்டி 1936ல் சேவையில் சேர்த்த டி ரூய்ட்டர் 6,442 டன். 66,000 குதிரைத்திறனில் 32 நாட் ஓடியது. நாசகாரிப் படைகளை நடத்துவதற்காக ஜப்பான் கட்டிய அகானோ 6,652 டன். 35 நாட் ஓட அதற்கு 1,00,000 குதிரைத்திறன் தேவைப்பட்டது. மூன்று நாட் கூடுதலுக்கு 34,000 குதிரைத்திறன்! அதற்கான கொதிகலன், டர்பைன், அவை அடைத்துக்கொள்ளும் இடம் எல்லாம் கப்பலின் நடுவயிற்றிலிருந்து போகிறது. அறைகள் வேண்டும் என்பவர் கை வைக்கக் கூடாத இடம் அது.

டி ரூய்ட்டரை நீங்கள் நன்றாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கதைக்கு நிஜ உறவுக்காரன். சிறிய நாடு, பரந்த தீவுக் கூட்டம், பொருளாதார மந்தம், கையில் காசு இல்லை. ஆறு 150 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு திட்டமிட்டு, போதாது என்று ஏழாவதாக ஓர் ஒற்றைப் பீரங்கியைச் சேர்த்தார்கள். விமான எதிர்ப்புக்கு அருமையான 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ், ஐந்து இரட்டைகள். அவை அத்தனையையும் பின்பக்கம் ஒரே இடத்தில் குவித்து வைத்தார்கள். ஒரு குண்டு சரியாக விழுந்தால் மொத்தமும் போயிற்று. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

என் யோசனை இது. பிரிட்டனின் லியாண்டர் வகையை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். 7,000 டன்னுக்குச் சற்று மேல், 72,000 குதிரைத்திறன், 32.5 நாட், இரட்டை இரட்டையாக எட்டு 6 அங்குலப் பீரங்கிகள். பின்பக்கம் உள்ள இரண்டு பீரங்கிக் கோபுரங்களில் உயரத்தில் இருப்பதை எடுத்துவிடுங்கள். கோபுரத்தோடு அதன் கவச வளையம், கீழே குண்டு அறை, வெடிமருந்து அறை, இயக்குகிற ஆட்கள், அவர்கள் படுக்கும் இடம் எல்லாம் சேர்ந்து போகும். அந்த இடத்தில் இரண்டு அடுக்கு அறைகள் கட்டுங்கள். மிச்சம் இருப்பது ஆறு பீரங்கிகள். ஒரு தளபதிக் கப்பலுக்கு அது போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கப்பலின் வேலை மற்றக் கப்பல்களின் பீரங்கிகளைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது.

கேள்வி (மதுரை வாசகி): அட்மிரலும் கேப்டனும் ஒரே பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் மேடையில், நிற்கக் கூடாதா? அட்மிரலுக்கு என்னென்ன அறைகள் வேண்டும்?

பதில்: நிற்கலாம், ஆனால் இருவரின் வேலையும் கெடும். கேப்டனுக்குத் தன் கப்பல் கண்ணில் பட வேண்டும். அட்மிரலுக்கு வரைபட மேசையில் எல்லாக் கப்பல்களும் தெரிய வேண்டும். அதனால் அட்மிரலுக்கென்று தனி பிரிட்ஜ், அதை ஒட்டி வரைபட அறை, அதற்குப் பக்கத்திலேயே சங்கேத அறை. கப்பலின் பின்கோடியில் இருக்கும் பெரிய வீடு போன்ற பகுதி துறைமுகத்தில் விருந்து வைக்க. கடலில் அவர் படுப்பது பிரிட்ஜுக்குக் கீழே ஒரு சின்ன அறையில்.

இதையெல்லாம் விட முக்கியம் வயர்லெஸ். அனுப்பும் அறையையும் கேட்கும் அறையையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால், இவர் அனுப்பும்போது அவர் காதில் இரைச்சல்தான் விழும். ஏரியல் கம்பிகள் இரண்டு கம்பங்களுக்கு இடையே நீண்டு ஓட வேண்டும். மாற்று ஏரியலும் தயாராக இருக்க வேண்டும். 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரச் சண்டையில் பிரிட்டிஷ் தளபதி ஹார்வுட் ஏறியிருந்த கொடிக்கப்பல் ஏஜாக்ஸ். எதிரியான ஜெர்மன் போர்க்கப்பல் கிராஃப் ஷ்பேயின் குண்டு ஒன்று அதன் கம்ப உச்சியை வெட்டிச் சாய்த்தது. ஏரியல்கள் எல்லாம் அதோடு போயின. அதே காலையில் கூட வந்த பிரிட்டிஷ் கப்பல் எக்ஸிடரில், பிரிட்ஜுக்கு முன்னால் இருந்த பீரங்கிக் கோபுரத்தில் விழுந்த குண்டின் சிதறல்கள் பிரிட்ஜில் இருந்தவர்களில் கேப்டன் பெல்லையும் ஓரிருவரையும் தவிர அனைவரையும் கொன்றன. அவர் பின்பக்கம் போய், ஒரு படகின் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, ஆட்களை வரிசையாக நிறுத்தி வாய் வழியாகக் கட்டளை அனுப்பிக் கப்பலை ஓட்டினார். ஆகவே பின்பக்கம் அட்மிரலுக்கு ஒரு மாற்று இடம் கட்டாயம்.

அறைகள் வேண்டும் என்பதற்காக பிரிட்ஜைக் கோட்டை மாதிரி உயர்த்திவிடாதீர்கள். டகாவோ வகையில் அப்படித்தான் கட்டினார்கள். 1934ல் டோமோசுரு என்ற ஜப்பானியச் சிறு போர்க்கப்பல் மேல்பாரம் தாங்காமல் கவிழ்ந்தபின் அந்தக் கடற்படையே விழித்துக்கொண்டது. டகாவோ, அட்டாகோ இரண்டின் பிரிட்ஜையும் பின்னாளில் சிறிதாக்கினார்கள். உயரத்தில் வைக்கும் ஒரு டன்னும் அடியில் வைக்கும் ஒரு டன்னும் என் பேரேட்டில் ஒன்றல்ல.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): டார்பிடோ வேண்டுமா?

பதில்: உங்கள் அட்மிரல் நாசகாரிகளை நடத்துபவரானால் வையுங்கள். மற்றபடி வேண்டாம். டி ரூய்ட்டரிலும் இல்லை.

கேள்வி (திருச்சி வாசகர்): ஜப்பானின் ஓயோடோதான் உண்மையான தளபதிக் குரூஸர் என்கிறார்கள். அதையே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வடிவமைப்பாகப் பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். நீர்மூழ்கிப் படைகளை நடத்துவதற்காகத் திட்டமிட்ட கப்பல் அது. முக்கிய பீரங்கிகள் ஆறும் முன்பக்கம். பின்பக்கம் முழுக்க ஆறு வேக வேவு விமானங்களுக்கான பெரிய கொட்டகையும், 44 மீட்டர் நீளத்துக்கு விமானத்தை உந்தி ஏவும் கருவியும். கப்பல் 1943ல் தயாரானது. ஷியூன் என்ற அந்த வேவு விமானம் தேறவில்லை. 1944ல் கொட்டகையை அறைகளாக மாற்றினார்கள். ஜப்பானின் கூட்டுக் கடற்படைத் தலைவர் டோயோடா தன் கடற்படையை அதிலிருந்து நடத்தினார். கொட்டகை அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் வரைபடத்திலும் இன்னதற்கென்று பெயரிடாத ஓர் அறையை விட்டு வையுங்கள்.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் டோயோடா கரையேறி, யோகோஹாமாவில் உள்ள ஹியோஷிக்குப் போய்விட்டார். அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸும் பசிபிக் போரைக் கரையிலிருந்துதான் நடத்தினார். கடலில் இருக்கும் தளபதி வயர்லெஸ்ஸில் பேசினால், எதிரியின் திசைகாணும் கருவி அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். பேசாவிட்டால் அவர் நடத்துவது தன் கண்ணில் படும் கப்பல்களை மட்டுமே. கோவை நண்பரே, உங்கள் நாவலுக்கான சண்டை இங்கேதான் இருக்கிறது. அட்மிரல் ஒரு செய்தியை உடனே அனுப்பச் சொல்கிறார். கப்பலும் அதில் உள்ள அத்தனை உயிர்களும் தன் பொறுப்பு என்று கேப்டன் வேண்டாம் என்கிறார். அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். கூடவே கப்பலின் எடைப் பட்டியலையும் அனுப்பினால் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.