தானே உணரும் கான்கிரீட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சாலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘தன் மேல் ஏறும் பாரத்தைத் தானே அறியும் கான்கிரீட்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் பதினாறு வருடமாகச் சாலைப் பணியில் மேற்பார்வையாளன். உள்ளே சென்சார் புதைப்பதைத்தான் அலங்காரமாக அப்படிச் சொல்கிறீர்களா? உண்மையிலேயே உணரும் என்றால், நான் பார்த்த ஒரு சாலையிலும் அது இல்லையே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அலங்காரம் இல்லை. ஒரு வரியோடு விட்டது என் சோம்பல்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். 6பி என்கிற மென்மையான, கருமை கூடிய பென்சிலால் ஒரு தாளில் விரல் அகலத்துக்குப் பட்டை போட்டு, பளபளக்கும்வரை தீட்டுங்கள். இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் கிளிப்பைக் கவ்வவிட்டு மின்தடையைப் பாருங்கள். பட்டை வெளிப்பக்கம் இருக்கும்படி தாளை வளைத்தால் எண் ஏறும், உள்பக்கம் வரும்படி வளைத்தால் இறங்கும். கரித்துகள்கள் விலகுகின்றன, நெருங்குகின்றன, அவ்வளவுதான். தாளுக்குள் எதையும் புதைக்கவில்லை. கரிப்பட்டையே சென்சார்.

கான்கிரீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதை. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டெபோரா சுங் குழுவினர் 1990களின் தொடக்கத்தில், சுமார் 5 மில்லிமீட்டர் நீளமும் தலைமுடியைவிடக் குறைந்த தடிமனும் உள்ள கார்பன் இழைகளைச் சிமென்ட் கலவையில் போட்டார்கள். கன அளவில் நூற்றுக்கு அரைப் பங்கே போதும். பாரம் ஏறி, கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று வாய்திறந்தால், அதன் குறுக்கே கிடக்கும் இழை சிமென்ட்டின் பிடியிலிருந்து இம்மியளவு உருவப்படும், மின்தடை கூடும். அழுத்தினால் இழை திரும்ப உள்ளே போகும், மின்தடை குறையும். வண்டி போனதும் எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் நலம். வராமல் கொஞ்சம் மேலேயே தங்கிவிட்டால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: ஏறிய பாரமும் பட்ட காயமும் ஒரே கம்பியில் தெரிகின்றன.

உணர்வும் கூர்மையானது. நீட்சியை அளக்க நாம் ஒட்டுகிற ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற உலோகப் பட்டையில் நீளம் ஒரு பங்கு மாறினால் மின்தடை ஏறக்குறைய இரண்டு பங்கு மாறும். இந்தச் சிமென்ட்டில் அது சில நூறு பங்குவரை போவதை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள்.

சரி, அப்புறம் ஏன் ஊரெங்கும் போடவில்லை? பென்சில் பட்டையில் கிளிப் லேசாக அசைந்தாலே எண் துள்ளும். கான்கிரீட்டிலும் மின்முனை தொடுகிற இடம்தான் முதல் தலைவலி. அதனால் வெளி இரண்டில் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்த்து, நான்கு முனைகளாக வைக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். கான்கிரீட்டின் துளைகளில் ஈரம் இருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு மழை பெய்தால் மின்தடை இறங்கிவிடும், வெயில் ஏறினாலும் மாறும். லாரியா, மழையா, சித்திரை வெயிலா என்று பிரித்தறிவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கொத்தாகத் திரண்டுகொள்ளும் தொல்லை வேறு. சிலிக்கா பியூம் என்கிற மிக நுண்ணிய தூளைச் சேர்த்துப் பக்குவமாகக் கலக்க வேண்டும். உங்கள் சைட்டில் ‘தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா’ என்று ஒருவர் குரல் கொடுத்தால் கலவையின் குணமே மாறிப்போகும்.

அதனால் சாலை முழுவதையும் இப்படிப் போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஐ-94 நெடுஞ்சாலையை ஒட்டிய எம்என்ரோடு சோதனைச் சாலையில், கார்பன் நானோகுழாய் என்கிற மிக நுண்ணிய கரிக்குழல்கள் கலந்த சிமென்ட் பட்டைகளை மட்டும் தளத்துக்குள் பதித்து, வண்டிகள் மேலே ஏறிப் போவதைக் கண்டறிந்து காட்டினார்கள். எடை மேடைக்கும் பாலத்தின் நுழைவாய்க்கும் அந்த அளவு போதும். மீதிச் சாலை வழக்கமான கான்கிரீட்டாகவே கிடக்கட்டும், கார்பன் இழை விற்கிற விலைக்கு வேறு வழியும் இல்லை.

பென்சில் பட்டையை மழைநாளில் ஒருமுறை, நல்ல வெயிலில் ஒருமுறை அளந்து எண்களை எழுதி அனுப்புங்கள். கிளிப்பை மட்டும் இடையில் கழற்ற வேண்டாம்.