மண் தரும் மருந்து: வாசகர் கேள்வி – பதில்

கே: மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்றை மண்ணில் வாழும் பாக்டீரியாவால் குணப்படுத்தலாம் என்கிறார்களே, உண்மையா?

ப: பாக்டீரியாவை உடம்புக்குள் விடுவதில்லை, அது சுரக்கும் பொருள்தான் மருந்து. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிடமிருந்து கிடைத்து, 1969-இல் அறிவிக்கப்பட்ட ஃபாஸ்ஃபோமைசின் இன்றும் கைகொடுக்கிறது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலை பாக்டீரியாவில் இஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும் வகை, பென்சிலினையும் செஃபலோஸ்போரின்களையும் உடைத்துவிடும். அம்மருந்துகளில் அந்த நொதி தாக்கும் பகுதியான பீட்டா-லாக்டம் வளையமே ஃபாஸ்ஃபோமைசினில் கிடையாது. சிதையாமல் சிறுநீரில் இறங்குவதால் ஒரு வேளை மருந்தே இரண்டு மூன்று நாள் சிறுநீர்ப்பையில் வேலை செய்யும். தொற்றுக்குக் காரணம் கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா என்றால் அவ்வளவு நம்ப முடியாது. இம்மருந்தைச் செயலிழக்க வைக்கும் நொதி பெரும்பாலும் அதனிடமே இருக்கிறது.

கே: டாக்டர் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொட்டலம் எழுதியிருக்கிறார். எப்படிக் குடிப்பது?

ப: கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்கு எழுதியிருந்தால் முதலில் சிறுநீரைப் பிடித்துவிடுங்கள். தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடித்து 2 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்தால் கிருமி பெருகி முடிவைக் கெடுக்கும். மருந்தை, சாப்பிட்டு 2–3 மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கரைத்து உடனே குடியுங்கள். சுடுநீர் வேண்டாம். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது ஃபாஸ்ஃபோமைசினின் அளவைக் குறைத்துவிடும். குளிர்காய்ச்சலோ விலாவலியோ இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது இந்தப் பொட்டலம் போதாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: கல்லூரி ஆய்வில் மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா ஸ்டஃபிலோகாக்கஸைத் தடுக்கிறது, ஈ. கோலையைத் தடுக்கவில்லை. எங்கே பிழை?

ப: பிழை இல்லை. ஈ. கோலைக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. பெரிய மூலக்கூறுகள் அதில் தடுக்கப்படும். 2015-இல் மண் பாக்டீரியாவில் கண்டறிந்த டெய்க்சோபேக்டின் என்ற கிருமிக்கொல்லியும் அங்கேதான் நின்றது. ஈ. கோலையையும் தடுக்கும் பாக்டீரியாவைத் தேட, மண்ணை நிழலில் உலர்த்தி, 1 கிராமை 9 மி.லி. உப்புநீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்துப் பாருங்கள். அதை வளர்க்கும் ஸ்டார்ச் கேசின் அகார் ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு என்ற பூஞ்சைக்கொல்லி சேர்க்காவிட்டால் பூஞ்சை தட்டையே மூடிவிடும். 28 டிகிரியில் 7 முதல் 14 நாள் பொறுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் மெதுவாகத்தான் வளரும். சோதனைக்கு ஏடிசிசி 25922 என்ற ஆய்வகத் தர ஈ. கோலை போதும், நோயாளியிடம் எடுத்த கிருமி வேண்டாம். ஈ. கோலை பரப்பிய தட்டில் உங்கள் பாக்டீரியாவைச் சுற்றித் தெளிந்த வளையம் கிடைத்தால், அதற்குக் காரணம் ஸ்ட்ரெப்டோத்ரிசினா என்று முதலில் சோதியுங்கள். மண்ணில் அடிக்கடி அகப்படும் அந்தப் பொருள் ஈ. கோலையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.