நடை, வேகம், வீடு திரும்புவது பற்றித் தமிழில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, பேச்சு எது?

பாட்டு என்றால் அகநானூறு 384. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. அரசன் கொடுத்த வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவன் தன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான். தேரில் ஏறியது நினைவிருக்கிறது, வந்த வழி நினைவில்லை. அதற்குள் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கச் சொல்கிறாயே, காற்றைப் பிடித்துப் பூட்டினாயா, இல்லை உன் மனசையே குதிரையாக்கிப் பூட்டினாயா என்று கேட்கிறான். அதோடு விடவில்லை. பாகனைக் கட்டிப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறான். மனைவிக்கு அன்று ஒரு விருந்தாளி! கால் டாக்ஸிக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்.

சங்கப் பாட்டில் வீடு திரும்புகிறவனுக்கு எப்போதும் அவசரம்தான். மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான், வானம் அதற்குள் இருட்டிவிடும். குறுந்தொகை 400இல் வருகிற பாகன் சுற்றுவழியில் போனால் நேரமாகும் என்று கரடுமுரடான மேட்டுநிலத்தை உடைத்துக்கொண்டு குறுக்கே புதுவழி போடுகிறான். அகநானூறு 4இல் வருகிறவன் வேறு மாதிரி. அவனுக்கும் அவசரம் உண்டு, ஆனால் பூக்களில் இணையோடு இருக்கும் வண்டுகள் மிரண்டுவிடும் என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். எனக்கு இவனைப் பிடிக்கும், வண்டியில் வரச் சொன்னால் அந்தக் குறுக்குவழிக்காரனோடுதான் வருவேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா, இவர்கள் யாரும் நடக்கவில்லை. நடக்கிறவனுக்கான பாட்டு, தாளக்கட்டோடு பாடுகிற சிந்துதான். வழிநடைச் சிந்து என்றே ஒரு வகை இருக்கிறது. அதில் பேர்பெற்றது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து. ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநெடுகப் பாடியது என்பார்கள். உட்கார்ந்து கேட்டாலும் கால் தானாகத் தட்டும். ஒரு வரி எங்கே முடிகிறது, அடுத்த அடியை எங்கே வைக்கிறோம் என்பது தெரியாமல் ஒட்டிக்கொண்டு ஓடும்.

பேச்சுக்கு வருவோம். நடை பற்றி நம் ஊரில் சொல்வதில் பாதி பச்சைப் பொய். "இந்தா, கூப்பிடு தூரம்தான்" என்பார்கள், தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேட்காது. "பொடிநடையாப் போயிடலாம்" என்றால் குறைந்தது இரண்டு மைல். தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்தவர்களைக் கேளுங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தான் சாமி" என்று எத்தனை டீக்கடையில் கேட்டிருப்பார்கள் என்று. சொல்கிறவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கொப்புளம் வெடித்த காலோடு நிற்கிறவனிடம் கிலோமீட்டர் கணக்கா சொல்வது?

வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்னொன்று. "போறேன்" என்று வாய்தவறிச் சொன்னால் என் அப்பத்தா விடாது. "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று வாசலிலேயே நிறுத்திவைக்கும். சொன்ன பிறகுதான் செருப்பை மாட்ட முடியும். கூடவே, "விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரு." அந்தச் சங்கப் பாட்டுகளில் வீட்டில் காத்திருந்த பெண்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அவர்கள் மழையைக் கெடுவாக வைத்தார்கள், அப்பத்தா விளக்கை வைத்தது.

பழனிக்கு நடந்து போனவர்களில் பலர் திரும்புவது பஸ்ஸில். போகும்போது "வேல் வேல், வெற்றிவேல்" என்று ரோட்டையே அதிரவைத்த கூட்டம், வண்டி நகர்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிடும். பாட்டை டிரைவர் பார்த்துக்கொள்வார்.