உள்ளே இருக்கும் தண்டு ஆடுகிறதா என்று கேளுங்கள்

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி எட்டே மாதத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது, ஒரு டாக்டர் எலும்பை இணைக்க உலோகப் பிளேட் போதும் என்கிறார், இன்னொருவர் தொடை எலும்புக்குள் செருகியிருக்கும் செயற்கை மூட்டின் தண்டையே மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் புரிகிறது. இருவரிடமும் ஒன்றைக் கேளுங்கள்: தண்டு கெட்டியாக இருக்கிறதா, தளர்ந்துவிட்டதா? கெட்டி என்றால் பொதுவாக பிளேட்டும் கம்பியும் போட்டுக் கட்டுவார்கள். தளர்ந்திருந்தால் நீளத் தண்டு வைப்பதுதான் வழக்கம். விழுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள்.

என் மாமியாருக்கு ஆபரேஷனைவிடக் காலை ஊன்றாமல் இருந்த வாரங்கள்தான் பெரும்பாடு. வாக்கரின் ரப்பர் தேய்ந்திருந்ததைப் பேரன்தான் கண்டுபிடித்தான்!

அப்புறம், கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பு பலவீனமாகிவிட்டதா என்று பார்க்க, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.