நீராவியால் பால்மம்: பிசகு எங்கே?

எண்ணெயில் நீர் நுண்துளிகளாகப் பரவி நிற்கும் கலவையான பால்மம் செய்ய, கொதிகெண்டியின் ஆவியைக் குழாய் வழியே எண்ணெய்க்குள் செலுத்தினீர்கள், துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கும் பால்மமாக்கியாகப் பாலிசார்பேட் 80 சேர்த்தீர்கள், ஒரு மணி நேரத்தில் நீர் அடியில் தங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல முயற்சி, ஆனால் இரண்டு இடங்களில் பிசகியிருக்கிறது.

முதலாவது, ஆவியை உள்ளே ஊதக் கூடாது. குமிழிகள் எண்ணெயைக் கலக்கிச் சூடாக்கும், துளிகள் மோதிப் பெரிதாகும். 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய முறை இதற்கு நேர் எதிரானது. எண்ணெயை அசைக்காமல், சுற்றியுள்ள ஈரக்காற்றின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே குளிர்விக்க வேண்டும். காற்று 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 17 டிகிரி. எண்ணெய் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால் நீராவி அதன் பரப்பிலேயே நுண்துளிகளாகப் படியும். எண்ணெய் அவற்றைப் போர்த்தி உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய துளியை அடித்து உடைக்கும் வேலையே இல்லை. துளி பிறக்கும்போதே நானோ அளவில் பிறக்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்!

இரண்டாவது, பால்மமாக்கி. ஒரு பால்மமாக்கி நீரை அதிகம் விரும்புமா எண்ணெயை அதிகம் விரும்புமா என்பதைக் காட்டும் எண் எச்எல்பி; பாலிசார்பேட் 80இன் எச்எல்பி மதிப்பு 15. அது நீரில் எண்ணெயைத் தாங்கும். உங்களுக்கு வேண்டியது எண்ணெயில் நீர். எச்எல்பி 4.3 உள்ள சார்பிட்டான் மோனோஒலியேட்டை முன்கூட்டியே எண்ணெயில் கரைத்துவிடுங்கள். அளவு போதாவிட்டால் துளிகள் மேலேயே மிதந்து ஒன்றுசேர்ந்துவிடும்.

மருந்து, அழகுப்பொருள் போன்றவற்றுக்கு இத்தகைய நுண்பால்மம் பொருந்தும். நீர் அதிகம் தேவைப்படும் களிம்புக்கு மட்டும் வழக்கமான கலப்பானே மேல். சூடான எண்ணெயில் ஆவியை மறுபடி செலுத்தாதீர்கள், தெறித்துச் சுட்டுவிடும்.