கணினி கேள்வி–பதில்: கிராஃபிக்ஸ் கார்டு பாடாது

கேள்வி: திருப்புகழ் பாடிப் பதிவு செய்கிறேன். தம்புராவும் மிருதங்கமும் ஹெட்போனில் ஓடும். ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஹெட்செட் ஓட்டையில்தான் மைக் செருகுகிறேன். நடுநடுவே 'டப் டப்' என்று வெட்டு விழுகிறது. என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்பதால் தாளம் தப்புகிறது. மும்பை லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் கிராஃபிக்ஸ் கார்டோடு புது டெஸ்க்டாப் 80,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, செம்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. கிராஃபிக்ஸ் கார்டு திரையில் படம் காட்டத்தான். அது பாடவும் பாடாது, கேட்கவும் கேட்காது. அதன் விசிறிச் சத்தம் மட்டும் உங்கள் பதிவில் ஏறும்.

உங்கள் வேலை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலித் துணுக்கு), 24 பிட்டில் ஒரு ட்ராக் நிமிஷத்துக்குச் சுமார் 8 எம்பி. மூன்று ட்ராக் என்றாலும் 24 எம்பிதான். பழைய ஹார்ட் டிஸ்க்கே ஒரு விநாடியில் அதைவிட அதிகம் எழுதும். பிறகு ஏன் வெட்டு? பெரும்பாலும் ரேம்தான் காரணம், அதாவது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். 4 ஜிபியில் விண்டோஸ் உட்கார்ந்து, ப்ரௌசரும் திறந்திருந்தால் இடம் போதாது. கம்ப்யூட்டர் டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்த ஆரம்பிக்கும். டிஸ்க் அங்கும் இங்கும் தேடிக்கொண்டிருக்கும்போது உங்கள் குரல் காத்திருக்க முடியாதே!

ஆகவே ரேமை 8 ஜிபி ஆக்குங்கள், ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். ஆறாம் தலைமுறை லேப்டாப்களில் டிடிஆர்3எல் வகை ரேம் உண்டு, டிடிஆர்4-உம் உண்டு. ஒன்று மற்றதில் பொருந்தாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடையில் கண்ணெதிரே மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், பாட்டெல்லாம் அதில்தானே இருக்கிறது.

தாமதம் வேறு விவகாரம். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் அனுப்பும். அந்தச் சேமிப்புக்குப் பெயர் பஃபர். 1024 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கே 23 மில்லிவிநாடி, 256 என்றால் 6. ஆனால் பஃபரைக் குறைக்கக் குறைக்க வெட்டு கூடும். இதில் மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வாங்கி, அதிலுள்ள 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானை அழுத்துங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேரே ஹெட்போனுக்கு வரும். அப்புறம் ப்ராசஸர் எவ்வளவு பழசானாலும் தாளம் தப்பாது. 80,000 ரூபாய் டெஸ்க்டாப்பிலும் ஹெட்செட் ஓட்டை ஹெட்செட் ஓட்டைதான். என்னைக் கேட்டால் முதல் காசு இன்டர்ஃபேஸுக்கு, அடுத்தது ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும்.

மைக்? கண்டென்சர் என்பது சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் மைக், அது 48 வோல்ட் கேட்கும். இன்டர்ஃபேஸ் அதைக் கொடுத்துவிடும். ஆனால் அந்த மைக் ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாவற்றையும் அள்ளி வரும். அவ்வளவு கூர்மையில்லாத டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடுங்கள், போதும். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி மின்சாரப் பக்கம். அதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடாதீர்கள், சிலர் அப்படிச் செய்கிறார்கள், ஆபத்து.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. உங்கள் ப்ராசஸர் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. எனவே இந்த லேப்டாப் பாட்டுக்கு மட்டும் இருக்கட்டும். பதிவின்போது வைஃபையை அணைத்து வையுங்கள், பேங்க் வேலையை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நண்பனும் நானும் பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறோம். ஒரே லேப்டாப்பில் இரண்டு யுஎஸ்பி மைக் செருகலாமா?
– வாசகர், தாராவி

பதில்: செருகலாம், பதிவுதான் படுத்தும். ஒலியை எந்த வேகத்தில் அளப்பது என்று தீர்மானிக்க, ஒவ்வொரு யுஎஸ்பி மைக்கிலும் தனிக் கடிகாரம் உண்டு. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகாது. பேச்சு நீள நீள இரண்டு குரலும் விலகும். இரண்டு மைக் நுழைவுள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று, டைனமிக் மைக் இரண்டு, இதுவே சரி. மைக்குகளை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? ஆளுக்கொரு லேப்டாப்பில் பதிந்து, ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரு கைதட்டு தட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்தத் தட்டுகளை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.