சுவரைப் பூச முன் வாசற்படியை எண்ணுங்கள்

முரசுமோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. 2013இல் குடிபுகுந்தோம். முதல் ஐந்தாறு வருடம் ஒரு குறையும் இல்லை. இப்போது வீட்டைச் சுற்றி அடிச்சுவரில் பூச்சு ஊதி, வெள்ளைத் தூளாகக் கொட்டுகிறது. போன வருடம் மேசனைப் பிடித்து மூன்றடிக்குப் பழைய பூச்சைக் கொத்தி, வாட்டர் புரூவ் கலந்த சீமெந்தால் பூசி, மேலே விலை கூடிய பெயின்றும் அடித்தோம். ஒரு மாரி தாங்கவில்லை. இப்போது புதுப் பூச்சுக்கு மேலே, நாலரை அடியில் உதிர்கிறது. திரும்ப உடைத்துப் பூசுவதா, மூன்றடிக்கு மாபிள் பதித்து மூடிவிடுவதா? தையில் மகளின் கலியாணம். அதற்குள் முடிக்கவேண்டும்."

மாபிளும் வேண்டாம், பூச்சும் வேண்டாம். இந்த மாரிக்கு முன் உங்களுக்கு மேசன் தேவையில்லை, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட வரி, "முதல் ஐந்தாறு வருடம் ஒரு குறையும் இல்லை" என்பதுதான். கல் அரிந்த மணலிலோ குழைத்த தண்ணீரிலோ உப்பு இருந்திருந்தால் அது முதல் ஒன்றிரண்டு கோடையிலேயே வெளியே தெரிந்திருக்கும். ஐந்தாறு வருடம் நல்லபடி நின்ற சுவர் திடீரென்று நோய்ப்படுகிறது என்றால், வீட்டில் அல்ல, வீட்டைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது. 2013இலிருந்து எண்ணிப் பார்த்தேன். 2018 மார்கழியில் வந்து நிற்கிறது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் முழுக்க வெள்ளம் போன அந்த மாரி. அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் கையில் காசு இருந்தவர்கள் எல்லாரும் செய்த வேலை, நிலத்தை உயர்த்த வளவுக்குக் கிரவல் மண் அடித்ததுதான். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: நீங்களும் அடித்தீர்களா?

நினைவில்லாவிட்டால் முன்வாசலுக்குப் போய்ப் படியை எண்ணுங்கள். கட்டும்போது மூன்று படி வைத்திருந்தால், இப்போது எத்தனை தெரிகிறது? போன மாதம் உங்கள் அயலில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒன்றரைப் படிதான் வெளியே இருந்தது. மீதியைக் கிரவல் விழுங்கிவிட்டது. வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. "ஏறி இறங்க இப்ப சுகமாக இருக்கு" என்றார்.

படி புதைந்தால் என்ன? படியோடு சேர்ந்து இன்னொன்றும் புதைகிறது. அத்திவாரத்துக்கு மேலே, சுவர் தொடங்கும் இடத்தில், சீமெந்துச் சாந்து போட்டு அதன்மேல் தார் பூசி ஒரு படை வைத்திருப்பார்கள். மேசன்மார் டி.பி.சி. என்று சொல்வது அதைத்தான். நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறாமல் தடுப்பது அந்தக் கறுப்புக் கோடு ஒன்றுதான். அது வெளிநிலத்திலிருந்து ஆறங்குலமாவது உயரத்தில் இருக்கவேண்டும். கிரவல் அதற்கு மேலே ஏறிவிட்டால், ஈரம் தாரை எட்டிப் பார்க்காமல் பக்கவாட்டில் சுவருக்குள் போய்விடும். கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைத்த கதை.

சீமெந்துக் கல் பார்வைக்குக் கல், உள்ளே பஞ்சு. நம்பிக்கை இல்லாவிட்டால் மிச்சமாகக் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து, ஓர் அங்குலத் தண்ணீர் ஊற்றிய தாச்சியில் நிறுத்தி வையுங்கள். அடுத்த நாள் பார்த்தால் ஈரக்கோடு தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும். சுவரிலும் அப்படித்தான், பெரும்பாலும் மூன்றடி மட்டுக்கும் ஏறும். ஏறுவது வெறும் தண்ணீர் என்றால் ஈரத்தோடு போய்விடும். ஆனால் உங்கள் நிலம் ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கம். அந்தத் தண்ணீர் மண்ணின் உவரைக் கரைத்துக்கொண்டுதான் ஏறும். காற்றும் வெயிலும் பட்டுத் தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. பூச்சுக்குப் பின்னால் பளிங்குபோல் படிந்து, படிந்து, பெருத்து, பூச்சைத் தள்ளும். ஊதல் அதுதான்.

"ஒரு மாரி தாங்கவில்லை" என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், கொட்டியது மாரியிலா? மாரி முழுக்கச் சுவர் ஈரமாக நின்றிருக்கும், அவ்வளவுதான். மழை விட்டு, வெயில் ஏறி, சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகுதான் தூள் கொட்டத் தொடங்கியிருக்கும். உப்பு காய்கிற காலத்தில்தான் கடிக்கும். இது தெரியாமல்தான் ஆட்கள் மழை விட்டதும் பூசுகிறார்கள், கோடையில் மேசனைத் திட்டுகிறார்கள்.

இனி அந்த மூன்றடிப் பூச்சு. சீமெந்து கூடிய, வாட்டர் புரூவ் கலந்த பூச்சு தண்ணீரை வெளியே விடாது. சுவருக்குள் ஏறுகிற ஈரத்தை அது நிறுத்தவும் இல்லை, அதை ஆவியாகவும் விடவில்லை. வெளியேற வழி கிடைக்கும்வரை ஈரம் மேலே போகும். மூன்றடியில் கிடைக்காத வழி நாலரை அடியில் கிடைத்தது. மாபிள் பதித்தாலும் இதே கதை, காசு மட்டும் கூட. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சொந்த வீட்டில் குசினிச் சுவருக்கு இதே வைத்தியத்தை நானே பார்த்தேன். இரண்டு வருடத்தில் ஈரம் சுவிச் பெட்டி வரை போனது. அப்போது நான் இந்தத் தொழிலில் பதினைந்து வருடம்.

சரி, நான் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் தூளைச் சுரண்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் அடியில் நின்று, தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்பு, பயமில்லை. (நாக்கில் வைத்துப் பார்க்கும் மேசன்மாரும் உண்டு. மலசலகூடப் பக்கச் சுவரில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.) அடுத்தது, சுவரில் ஓரடிச் சதுரத்துக்குப் பொலித்தீன் வைத்து நாலு பக்கமும் ரேப் போட்டு இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், அதுவும் வருடம் முழுக்க ஈரம் என்றால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். யன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் மழைச் சாரல். மாட்டுக்கொட்டில் ஒட்டிய சுவர்தான் எல்லாவற்றிலும் மோசம், மாட்டு மூத்திரத்தின் உப்பு சுவருக்குள் போனால் லேசில் விடாது.

படி புதைந்திருக்கிறது, தூள் கரைகிறது, பொலித்தீன் உள்ளே வியர்க்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். இது ஆவணி. ஐப்பசி மழைக்கு முன் இருக்கும் நாட்களில் ஒன்றைத்தான் செய்யச் சொல்வேன்.

வீட்டைச் சுற்றிச் சுவரோரமாக இரண்டடி அகலத்துக்குக் கிரவலை வெட்டி எடுங்கள். கறுப்புக் கோடு தெரியும்வரை போய், அதற்கும் கீழே ஆறங்குலம், முடிந்தால் ஒன்பது. அதைத் தாண்டி வெட்ட வேண்டாம், அத்திவாரத்தின் அடி தெரியக்கூடாது. உங்கள் பக்கம் களிமண், அது நனைந்து காய்ந்து ஆடினால் சுவர் வெடிக்கும். வெட்டிய தளம் சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும். அடிக்கு அரை அங்குலச் சரிவு போதும். அதில் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியைப் பரப்பி விடுங்கள். பலர் இந்த இடத்தில் கொங்கிறீற் போட்டு மெழுகிவிடுகிறார்கள். பார்க்க வடிவுதான். ஆனால் கொங்கிறீற்றுக்குக் கீழே நிற்கும் ஈரத்துக்குப் போக இடம் சுவர்தான். சல்லி என்றால் ஓட்டுத் தாவாரத்திலிருந்து விழும் தண்ணீரும் சுவரில் தெறிக்காது. பீலி போட வசதி இருந்தால் அதுவும் நல்லது.

வெட்டும்போது இன்னொன்றும் பாருங்கள். வெளிப்பூச்சு கறுப்புக் கோட்டைத் தாண்டி நிலம்வரை இறங்கியிருந்தால், கோட்டுக்குச் சற்று மேலே அந்தப் பூச்சைச் சுற்றிவர வெட்டி விடுங்கள். பூச்சு ஒரு ஏணி, ஈரம் அதைப் பிடித்தே ஏறிவிடும். பின்னால் சாய்ப்பாக இறக்கிய பத்தியின் நிலமும் சுவரை ஒட்டி உயர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தில் நோய் முற்றாகத் தீராது, சொல்லி வைக்கிறேன். கறுப்புக் கோடே இல்லை என்றால் வேறு வேலை. இரண்டிரண்டடியாகக் கல்லைக் கழற்றிப் புதிதாகப் படை வைக்க வேண்டும், அதற்குக் கைதேர்ந்த மேசன் தேவை. அப்போது தனியாக எழுதுங்கள்.

வெட்டினால் திரும்ப வெள்ளம் வீட்டுக்குள் வருமே என்று நினைப்பீர்கள். முழு வளவையும் வெட்டச் சொல்லவில்லை, சுவரோரம் இரண்டடிதான். அந்த இரண்டடியிலிருந்து வாய்க்கால் ஒன்று வளவின் பள்ளமான மூலைக்குப் போக வேண்டும். அது போகாவிட்டால் நான் சொன்னது முழுவதும் வீட்டைச் சுற்றி ஒரு அகழி வெட்டியது போலாகிவிடும். இங்கேதான் சிக்கல், எனக்கும் தெரியும். வீதியைத் திருத்தும்போது ஒவ்வொரு முறையும் உயர்த்துகிறார்கள். பக்கத்தில் வாய்க்கால் வெட்டுவதில்லை, வெட்டினாலும் மதகு இல்லை. வீதி உயர, முன்வளவுக்காரர் உயர்த்துகிறார். அவர் உயர்த்த, பின்வளவில் தண்ணீர் நிற்கிறது. அவரும் கிரவல் அடிக்கிறார். போட்டிக்குக் கிரவல் அடித்து நாங்கள் எல்லாரும் எங்கள் வீடுகளைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம். வன்னியில் குளத்துக்குக் குளம் தண்ணீர் கொண்டுபோகத் தெரிந்த ஆட்களுக்கு, ஒழுங்கைத் தண்ணீரைக் கொண்டுபோக வழியில்லை என்றால் நம்ப முடியவில்லை. அயலவரோடு கதைத்து ஒழுங்கைக்கு ஒரு வாய்க்கால் எடுப்பது, நாலு டிப்பர் கிரவலைவிட மலிவு.

கலியாணம் முடியட்டும். மாசி கடைசியில், மழை முழுதாக விட்டபின், பூச்சைக் கொத்துங்கள். உப்புத் தெரியும் இடத்துக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்து, அதாவது உங்கள் வீட்டில் ஐந்தரை அடி மட்டுக்கும். போன வருடத்துப் புதுப் பூச்சும் போக வேண்டியதுதான், மனம் கொதிக்கும், வேறு வழியில்லை. கல்லை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் உப்பைத் திரும்பவும் கல்லுக்குள் கரைத்து அனுப்புகிறீர்கள். கொட்டிய தூளைச் சுவரடியில் விடாமல் அள்ளி வளவுக்கு வெளியே போடுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். சோளகம் அடிக்கிற காலம் முழுக்கச் சுவர் அம்மணமாக நிற்கட்டும். வாரம் ஒருமுறை பூக்கிற உப்பைத் தட்டி எடுங்கள். வருகிற ஆட்கள் "என்ன, வீடு இப்பிடிக் கிடக்கு" என்பார்கள். சொல்லட்டும்.

அடுத்த ஆவணியில் பூசலாம். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்துக் களியாக எடுங்கள். மேசன் முகம் சுளிப்பார், சீமெந்து காணாது என்பார். அவர் வேலை அது, உங்கள் சுவர் இது. இந்தப் பூச்சு ஈரத்தை மூச்சுவிட வைக்கும். சுவருக்குள் மிச்சமிருக்கும் உப்பு அதில் வந்து தங்கும். சில வருடத்தில் கீழே கொஞ்சம் உதிரலாம், அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். மணல் அலசியதாக இருக்கட்டும். தண்ணீரில்தான் கூடக் கவனம்: உங்கள் கிணறு தேத்தண்ணீருக்கே உவர்க்கும் என்றால் பூச்சுக்கும் அது ஆகாது, பூசியபின் ஒரு கிழமை நனைக்கவும் ஆகாது. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதில் எடுங்கள், இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் பவுசரில் இறக்குங்கள். மேலே பெயின்ற் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஒட்டிப் பிடிக்க உப்புப் போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. உங்கள் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

ஈரச் சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற்களை மட்டும் தை வரை விட வேண்டாம். கலியாண வீட்டில் லைற்றும் பாட்டுப் பெட்டியும் அதில்தான் கொழுவுவார்கள். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஈரம் பட்டதை மேலே ஏற்றச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

கலியாணத்துக்கு வீடு பார்க்க வடிவாக இருக்க வேண்டும் என்பது நியாயம். உதிர்ந்த இடத்தை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு மார்கழி கடைசியில் இரண்டு முறை சுண்ணாம்பு அடியுங்கள், படத்துக்கு நன்றாகவே விழும். அலுமாரி, மணப்பெண்ணின் சீலைப் பெட்டி எதையும் அந்தச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் விடுங்கள். தையிலும் சில நாள் மழை இருக்கும். பந்தல்காரர் படங்கைக் கட்டும்போது அதன் தண்ணீர் உங்கள் புதுச் சல்லிக்குள் இறங்காமல் முற்றத்துப் பக்கம் சரியும்படி கட்டச் சொல்லுங்கள்.